ஒரு மூச்சுத் தூரம்

தொப்பி போடாத ஊரில் தொப்பி ஊசிக்கு எங்கே போவது என்பதுதான் கண் நரம்பு மருத்துவத்தில் நான் சந்தித்த முதல் பெரிய சிக்கல். எழுபதுகளின் நடுவில், சென்னையில் மேற்படிப்புக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் சீஃப் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: கோட்டுப் பையில் ஒரு டார்ச், ஒரு ஆப்தல்மாஸ்கோப், சிவப்புத் தலை வைத்த ஒரு தொப்பி ஊசி, இந்த மூன்றும் இல்லாமல் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இங்கிலாந்துச் சீமாட்டிகள் ஒரு காலத்தில் தங்கள் தொப்பியைக் கொண்டையோடு சேர்த்துக் குத்திக்கொண்ட நீளமான ஊசி அது. அதன் தலையிலுள்ள மணி சிவப்பாக இருந்தால், அதை நோயாளியின் பக்கவாட்டிலிருந்து மெல்ல உள்ளே நகர்த்தி, எங்கே சிவப்பு தெரிகிறது, எங்கே வெளுக்கிறது, எங்கே மறைகிறது என்று கேட்டுக் கேட்டே, மண்டைக்குள் பார்வை நரம்பு எந்த இடத்தில் நசுங்குகிறது என்று சொல்லிவிடலாம் என்பது அந்த நாட்டு மருத்துவர்களின் பழைய வித்தை. வித்தையைக் கப்பலில் அனுப்பியவர்கள் ஊசியை அனுப்ப மறந்துவிட்டார்கள்.

மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். வேறெங்கே போவது? சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, 1985-இல் எரிந்து சாம்பலாகும் வரை, பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக் கிளி, யார் வீட்டுச் சுவரிலிருந்தோ கழன்று வந்த கடிகாரம் என்று எதுவும் கிடைத்த அந்தச் சிவப்புக் கட்டடம், ஐம்பது வயதைத் தாண்டிய உங்களுக்கு நினைவிருக்கும். கடைகடையாக ஏறி இறங்கினேன். ஒரு பெரியவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊசி இல்ல தம்பி, தொப்பி இருக்கு, எடுத்துக்கிறியா?" என்றார். கடைசியில், சென்னை வெயிலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரே பெண்ணாக இருந்திருக்கக்கூடிய என் அக்காவின் பின்னல் ஊசி ஒன்றைத் திருடி, ஆபீஸ் கிளார்க் தபால் உறைக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கில் ஒரு துண்டை அவரிடம் கெஞ்சி வாங்கி, மெழுகுவத்தியில் உருக்கி, மிளகு அளவுக்கு உருட்டி முனையில் ஒட்டினேன். அந்த அரக்கு ஊசியை வைத்துக்கொண்டு பத்து வருஷம் மனித மூளையை அளந்தேன். ஸ்வெட்டர் கடைசிவரை முடியவில்லை.

அந்தப் பரிசோதனையை இன்றைய பிள்ளைகளிடம் விவரித்தால் கண்ணாமூச்சி ஆட்டத்தை விவரிப்பது போலத்தான் இருக்கிறது. நோயாளியும் நானும் கை எட்டும் தூரத்தில் எதிரெதிரே உட்காருவோம். அவர் வலக்கண்ணைப் பொத்திக்கொள்வார், நான் இடக்கண்ணை மூடிக்கொள்வேன். மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்களால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க, நடுவில் அந்த அரக்குப் பொட்டு ஒரு மின்மினியைப்போல ஊர்ந்து வரும். அவர் பார்வைப் பரப்புக்கு என் பார்வைப் பரப்புதான் அளவுகோல். என்னுடையது சரியாக இருக்கிறது என்பதை யாரும் சோதித்ததில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவும் இல்லை. இருபத்தைந்து வயதில் எவனுக்குத் தன் பார்வைமேல் சந்தேகம் வந்திருக்கிறது? இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதி மறைந்தால், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வளர்ந்து, இரு கண் நரம்புகளும் கலந்து பிரியும் சந்தியை அடியிலிருந்து முட்டுகிறது. இரண்டிலும் ஒரே பக்கப் பாதி மறைந்தால், கோளாறு அந்தச் சந்தியைத் தாண்டி உள்ளே போய்விட்டது. இவ்வளவுதான் சூத்திரம். இதைத் தெரிந்துகொண்ட நாளில் உலகமே கைக்குள் வந்துவிட்டதாக நடந்தேன்.

ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். இரண்டு தோளிலும் சிராய்ப்பு, வாசல் நிலைகளில் இடித்துக்கொண்டது. குடிக்கிறார் என்று வீட்டில் முடிவுகட்டி, மாமனார்வரை பஞ்சாயத்து போய், கடைசியில் யாரோ சொல்லிக் கண்ணைக் காட்ட வந்திருந்தார். சுவரிலிருந்த எழுத்து அட்டையை வலக்கண்ணால் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு வரியிலும் இடப்பக்க எழுத்துகளை மட்டும் படித்தார். இடக்கண்ணுக்கு மாற்றினால் வலப்பக்கத்தை மட்டும். ஊசியை எடுத்தேன். இரண்டு ஓரத்திலும் சிவப்பு இல்லை. மண்டை எக்ஸ்ரேயில், துருக்கிச் சேணம் என்று உடற்கூற்றுக்காரர்கள் பெயர் வைத்திருக்கும் அந்தச் சின்ன எலும்புக் குழி, சேணம் என்ற பெயரை மீறி ஒரு தொட்டிலாக விரிந்திருந்தது. அறுவை நடந்து அவர் கண் பிழைத்தது. அதைவிட, குடிகாரர் பட்டம் போனதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. நான் வேலைபார்த்த இடங்களிலெல்லாம் தீபாவளிக்கு அரைக் கிலோ முந்திரி வந்துகொண்டிருந்தது. இப்போது எந்த ஸ்கேன் மெஷினுக்காவது யாராவது முந்திரி அனுப்புகிறார்களா?

ஆப்தல்மாஸ்கோப் இன்னும் நெருக்கம் கேட்கும். ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகுக்கு அறிவித்த கருவி. கத்தி வைக்காமல், உயிருள்ள மனிதரின் நரம்பை நேரே பார்க்கக் கடவுள் விட்டுவைத்த ஒரே சன்னல் வழியே எட்டிப் பார்க்க உதவுவது. நோயாளியின் வலக்கண்ணை என் வலக்கண்ணாலும் இடக்கண்ணை என் இடக்கண்ணாலும் பார்க்க வேண்டும். மறந்து மாற்றினால் மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டு, மருத்துவப் பரிசோதனை வேறு ஏதோவாகத் தோற்றம் கொள்ளும். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை. அவர் விடும் மூச்சை நான் இழுக்க வேண்டும். சைதாப்பேட்டைக்காரர் காலையில் தின்ற பூண்டு ஊறுகாய், திண்டிவனத்துப் பாட்டியின் வெற்றிலை, பள்ளிக்கூட வாத்தியாரின் மூக்குப்பொடி, கல்யாணமாகி ஒரு மாதமே ஆன பெண்ணின் கனகாம்பரத்துக்கு மணமில்லாததால் அவள் பூசிக்கொண்ட பவுடர், எல்லாம் என் கேஸ் ஷீட்டில் ஏறாத குறிப்புகள். அந்த மூச்சில் பீடியும் சாராயமும் வந்தால், சாப்பாடு சரியில்லாமல் இரண்டையும் மட்டும் நம்பி வாழ்ந்தவரின் நரம்பு மங்குவது நினைவுக்கு வரும். ஒரு கள்ளச்சாராயச் சாவு செய்தி வந்த வாரங்களில், மெத்தனால் குடித்துப் பிழைத்தவர்கள் விரிந்த கண்பாப்பாவோடு, எங்கேயும் நிலைக்காத பார்வையோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களின் நரம்பு வட்டம் முதலில் சிவந்து வீங்கி, பின்பு சுண்ணாம்பாக வெளுப்பதைப் பார்த்த பிறகு அன்று இரவு சோறு இறங்காது.

கொஞ்சம் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் அந்தக் கருவிக்குள் நான் பார்த்தது பெரும்பாலும் என் இமைமயிரைத்தான். விழிக்குள் நரம்பு நுழையும் வட்டத்தின்மேல் சிரைகள் தாமாகத் துடிப்பது தெரிந்தால், மண்டைக்குள் அழுத்தம் ஏறவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். சீஃப் கேட்டார். "துடிக்குது சார், நல்லாத் தெரியுது" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "துடிச்சது சிரை இல்லப்பா, உன் கை" என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது. நோயாளியும் சிரித்தார், அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

டார்ச் விஷயம் இன்னும் வேடிக்கை. இரண்டு கண்ணிலும் மாறி மாறி வெளிச்சம் அடித்துப் பாப்பா சுருங்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனை. ஊஞ்சல் மாதிரி டார்ச் இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் போய்வர வேண்டும். நரம்பு கெட்ட கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும், சுருங்க வேண்டிய பாப்பா, சோம்பேறிக் காவல்காரன் கதவைத் திறந்து விடுவதுபோல, இரண்டு பக்கமும் மெல்ல விரியும். மார்கஸ் கன் பாப்பா என்று பெயர். புத்தகத்தில் படம் போட்டிருந்தவையெல்லாம் நீலக் கண்கள். நடுவில் கறுப்புப் பாப்பா தனியாகத் தெரியும். நம் ஊர்க் கண்ணிலோ திரையும் கறுப்பு, பாப்பாவும் கறுப்பு. பாட்டரி தீர்ந்து மஞ்சள் அழும் டார்ச்சில், கறுப்புக்குள் கறுப்பு சுருங்கியதா விரிந்ததா என்று எந்த மகானால் சொல்ல முடியும்? "பார்த்தேன் சார்" என்று ஒரு தலைமுறையே பொய் சொல்லித் தேறியது.

நோயைக் குணப்படுத்த மருந்து இல்லாவிட்டால் என்ன, பெயர் இருந்தது. பெயர்களை மனப்பாடம் செய்வதில் நாங்கள் சூரர்கள். எடின்பரோவின் ஆர்கைல் ராபர்ட்சன் தன் பெயரை ஒரு பாப்பாவுக்குக் கொடுத்ததும், சூரிச்சின் ஹார்னர் சரிந்த இமையும் சுருங்கிய பாப்பாவும் சேர்ந்த ஒரு குறிக்குத் தன் பெயரைக் கொடுத்ததும் ஒரே 1869-ஆம் ஆண்டு என்பது தேர்வில் யாரும் கேட்காத, எனக்கு மட்டும் தெரிந்த செய்தி. அதைச் சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் வருமா என்று ஐந்து வருஷம் காத்திருந்தேன். இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன், நிம்மதி.

பெயர்களைவிட நிலைத்தவை நோயாளிகளின் சொற்கள். பார்வை நரம்பு வீக்கம், நரம்பின் பின்பகுதியில் ஏற்பட்டால் உள்ளே எட்டிப் பார்க்கும் வைத்தியருக்கு எதுவும் தெரியாது. வெளியே பார்க்கும் நோயாளிக்கும் எதுவும் தெரியாது என்பது எங்கள் தொழிலின் மிகப் பழைய நகைச்சுவை. அப்போது சிவப்புதான் துணை. இரண்டு கண்ணிலும் தனித்தனியே ஒரே சிவப்பைக் காட்டி வித்தியாசம் கேட்பேன். புத்தகத்தில் இதற்கு நீளமான ஒரு சொல் உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நெசவுக்காரப் பெண் இடக்கண்ணால் பார்த்து, "இது புதுச் செவப்புங்க" என்றாள். வலக்கண்ணுக்கு மாற்றியதும் சற்று யோசித்து, "இது நாலு தண்ணி கண்ட செவப்பு" என்றாள். அதற்குமேல் எந்தப் பேராசிரியரும் எனக்கு அந்த நோயை விளக்கியதில்லை. அவளேதான், வெயிலில் நடந்தால் அந்தக் கண் இன்னும் மங்கி, மரநிழலில் நின்றால் தெளிகிறது என்றாள். உடம்பு உழைத்துக் களைத்தால் பழுதான நரம்பு தடுமாறும் என்று 1890-இல் உட்ஹாஃப் எழுதியதை, அவள் வயல் வரப்பில் கண்டுபிடித்திருந்தாள்.

அவளுக்கு நான் பிரெட்னிசலோன் மாத்திரைகளை உள்ளங்கை நிறைய அள்ளிக் கொடுத்தேன். பார்வை திரும்பியது, என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். 1992-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது: இந்த நோயில் பார்வை பெரும்பாலும் தானே திரும்பும், நரம்பில் ஏற்றும் மருந்து அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும், ஆனால் வழக்கமான அளவில் மாத்திரையை மட்டும் கொடுத்தால் நோய் திரும்ப வருவது அதிகம். அந்தக் கட்டுரையைப் படித்த மாலை என் கைராசியை நான் தனியாக அடக்கம் செய்தேன். 2004-இல், அதே போல வந்து, ஆனால் தானாகத் திரும்பாமல் மீண்டும் மீண்டும் தாக்கும் இன்னொரு நோயை ரத்தத்திலிருந்தே பிரித்துக் காட்டும் எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. நான் நாற்பது நிமிடம் முகம் பார்த்துப் பிரிக்க முடியாததை ஒரு சின்னக் குழாய் ரத்தம் பிரித்தது.

பார்வைப் பரப்பைத் துல்லியமாக அளக்க அப்போது ஒரு கறுப்புத் திரை உண்டு. பியெரம் என்ற டேனிஷ்காரர் பெயரால் வழங்கியது. நாடகக் கொட்டகையில் பின்திரை தொங்குவதுபோல ஒரு சுவரை அடைத்துத் தொங்கும். நோயாளி இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து நடுப்புள்ளியையே பார்க்க, நான் கறுப்புக் கோலின் நுனியில் ஒரு வெள்ளை மணியை ஒட்டித் திரைமேல் நகர்த்துவேன். "தெரியுது... தெரியுது... போச்சு" என்பார். போன இடத்தில் ஒரு குண்டூசி குத்துவேன். மணிக்கணக்காகும். அதற்குள் அவர் மகள் கல்யாணம், நிலத் தகராறு, மூத்தவன் துபாய் போனது எல்லாம் முடிந்திருக்கும். குண்டூசிகளை இணைத்துப் பார்த்தால் திரையில் ஒரு தீவு உருவாகும். அந்தத் தீவில்தான் அவர் வசிக்கிறார் என்று புரியும்.

இப்போது வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைத்தால் இயந்திரம் தானே புள்ளிகளை மினுக்குகிறது. தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். துல்லியத்தில் என் கோலும் மணியும் அதன் கால்தூசு பெறாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருட்டு அறை, குளிர்சாதனம், காலை நாலு மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறி வந்த உடம்பு. கிண்ணத்துக்குள்ளேயே குறட்டை கேட்கும். இயந்திரம் கோபித்துக்கொண்டு, நோயாளி நம்பகமற்றவர் என்று தாளில் அச்சிட்டுத் தருகிறது. நாங்களும் அந்தக் காலத்தில் சிலரைப்பற்றி அப்படி நினைத்ததுண்டு. அச்சடித்துக் கையில் கொடுத்ததில்லை.

மண்டைக்குள் படம் பிடிப்பது பற்றிச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நான் சித்திரவதைக் கூடத்தில் வேலைபார்த்தேன் என்றே நினைப்பார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு, நீரை எடுத்து, அந்த இடத்துக்குக் காற்றைச் செலுத்தி, நோயாளியை நாற்காலியோடு சாய்த்துப் புரட்டி, அந்தக் காற்று மூளைக்குழிகளுக்குள் ஏறும் நிழலை எக்ஸ்ரேயில் பிடிப்பார்கள். தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் நிற்காது. இல்லையென்றால் கழுத்துத் தமனியில் நேரே ஊசி. அப்போதுதான் லண்டனிலிருந்து செய்தி வந்து சேர்ந்திருந்தது: 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் செய்த இயந்திரத்தில் ஒரு பெண்ணின் மூளைக்கட்டி படமாக விழுந்தது, 80-க்கு 80 கட்டங்கள் கொண்ட, கோலப்புள்ளி மாதிரியான படம். அவர் வேலைபார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். குழாய்முன் நாய் உட்கார்ந்திருக்கும் தட்டு போட்டு நமக்கு எம்.எஸ். குரலைக் கொடுத்த அதே குடும்பம்! பாட்டு விற்றவர்கள் மூளையைப் படம் எடுக்கிறார்களாம் என்று டீக்கடையில் சிரித்தோம். 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது சிரிப்பதை நிறுத்தினோம்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை, நாற்பது வயதுப் பெண், திடீரெனத் தலைவலி, வலப்பக்க இமை மூடிவிட்டது. தூக்கிப் பார்த்தால் விழி வெளிப்பக்கமாகக் கீழே தள்ளியிருந்தது, பாப்பா விரிந்து வெளிச்சத்துக்கு அசையவில்லை. மூன்றாம் நரம்பு. பாப்பா தப்பியிருந்தால் சர்க்கரை, பாப்பாவும் சிக்கினால் மூளைத் தமனியில் ஒரு வீக்கம் நரம்பை நசுக்குகிறது என்று நினை: இதை நான் தூக்கத்திலும் சொல்வேன். அன்றும் சொன்னேன், அழகாக, வரிசையாக, சீஃப் மெச்சும்படி. ஆஞ்சியோகிராம் திங்கட்கிழமைதான். ஞாயிறு விடிகாலையில் வீக்கம் வெடித்துவிட்டது. இன்று அதே பெண் வந்திருந்தால், ஊசி ஏற்றிப் பத்து நிமிடத்தில் ஸ்கேன் அந்தத் தமனியைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கும். அன்றிரவே யாராவது அதை அடைத்திருப்பார்கள். பழைய காலத்தை நினைத்து நான் உருகத் தொடங்கும்போதெல்லாம் அந்த இமை என் முன்னால் வந்து நிற்கும்; நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மாற்றுகிறேன். எம்.ஆர்.ஐ. வந்த புதிதில் எங்கள் பெரிய பிரச்சினை காந்தம் அல்ல, தாலி. உலோகம் ஒன்றும் உள்ளே போகக் கூடாது. மெட்டி கழற்றலாம், மூக்குத்தியைச் சோப்பு போட்டுக் கழற்றலாம், தாலியைக் கழற்றச் சொன்னால் மாமியார் வெளியிலிருந்து உள்ளே வந்துவிடுவார். எங்கள் ஆயா ஒருத்தி வழி கண்டுபிடித்தாள்: விரலி மஞ்சளை மஞ்சள் கயிற்றில் கட்டித் தயாராக வைத்திருப்பாள், கணவன் அங்கேயே அதைக் கட்டுவான், அதன் பிறகு தங்கம் இறங்கும். ஸ்கேன் அறை வாசலில் இப்படி நடந்த மறுகல்யாணங்களுக்கு நான் எத்தனை முறை சாட்சி! உள்ளே இயந்திரம் நாதஸ்வரமே இல்லாமல் தவிலை மட்டும் அடிக்கும். வெளியே மாப்பிள்ளை கைக்குட்டையில் பொதிந்த நகைகளை மடியில் வைத்துக்கொண்டு, முதல் கல்யாணத்தைவிட அதிகம் பயந்து உட்கார்ந்திருப்பான்.

இத்தனை இயந்திரங்கள் வந்த பிறகும் நான் விடாமல் கேட்ட ஒன்று உண்டு: பழைய போட்டோ. ஒருவருக்கு ஐம்பது வயதில் திடீரென உருவம் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிகிறது. நாலாம் நரம்பு. புதிதாக வந்த கோளாறா, பிறவியிலிருந்தே சமாளித்து வந்தது இப்போது சோர்ந்துவிட்டதா? பிறவிக் கோளாறாக இருந்தால், தெரியாமலே சிறு வயதிலிருந்து தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சமாளித்திருப்பார். போட்டோவில் தெரிந்துவிடும். குடும்ப ஆல்பமே ஒரு ஸ்கேன்தான் என்று எங்கள் துறையில் உலகம் முழுக்கவே கேலியாகச் சொல்வார்கள். நம் ஊரில் அதிலும் ஒரு சங்கடம். அந்தக் காலத்தில் ஒரு மனிதனுக்கு மொத்தம் மூன்று போட்டோ. மூன்றும் ஸ்டுடியோவில் எடுத்தவை. ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்து, நேராக வந்து, மோவாயில் ஒரு விரலை வைத்து, "தலைய நேரா வைங்க சார்" என்று நிமிர்த்திவிட்டுப் போவார். சாட்சியம் அங்கேயே அழிந்தது. கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால், யாரோ மாமா பையன் எடுத்த கோணல் படங்கள்தான் எனக்குப் பொக்கிஷம். பாயசத்தை நோக்கி எல்லாத் தலையும் சாய்ந்திருக்கும், ஒரு தலை மட்டும் எதிர்ப்பக்கம்.

இப்போது போனில் எட்டாயிரம் படம் இருக்கிறது. ஆனால் செல்ஃபியைச் சில போன்கள் கண்ணாடிபோல இடம்வலம் மாற்றி வைத்துவிடுகின்றன. சாய்ந்தது எந்தப் பக்கம் என்று சட்டைப் பையைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. மூன்று படத்தில் விடை கிடைக்காதது போய், எட்டாயிரத்தில் கிடைக்காதது வந்திருக்கிறது. வளர்ச்சிதான்.

1991-இல் அறிமுகமாகி இன்று தெருவுக்குத் தெரு வந்துவிட்ட ஓ.சி.டி. கருவி, கண்ணைத் தொடாமல், வெளிச்சத்தை மட்டும் அனுப்பி, நரம்பிழைகளின் தடிமனை மைக்ரான் கணக்கில் சொல்லிவிடுகிறது. ஒரு கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் இழைகள் சுமார் 12 லட்சம். அவற்றில் தேய்ந்தது எவ்வளவு என்று பச்சை, மஞ்சள், சிவப்பாகத் தாளில் வந்துவிடும். டிராஃபிக் சிக்னலைப்போல நோயாளிகளும் கேட்கக் கற்றுக்கொண்டார்கள்: "பச்சைதானே டாக்டர்?" பச்சையில் இருந்துகொண்டே பார்வை போகிறவர்களும் உண்டு, ஆரோக்கியமாக இருந்துகொண்டே சிவப்பு வாங்குகிறவர்களும் உண்டு என்று விளக்க, மறுபடியும் டார்ச்சைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு நேரம் ஊசிக்கும் டார்ச்சுக்கும் வக்காலத்து வாங்கியவன் அடுத்துச் சொல்லப்போவதை நீங்கள் மன்னிக்க வேண்டும். போன ஐப்பசியில் ஒரு காலை, எழுபத்து நான்கு வயதில், கண் விழித்தபோது கூரையில் இரண்டு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. டிவியில் ஒரே செய்தியை இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தார்கள்; இருவரும் ஒத்துப்போனதே எனக்கு முதல் சந்தேகத்தைக் கொடுத்தது. ஒரு கண்ணை மூடினால் ஒருவர் போய்விட்டார். இடப்பக்கம் பார்க்கப் பார்க்க இருவரும் விலகினார்கள். இடது ஆறாம் நரம்பு. அன்றைய பகல் முழுக்க, நான் முப்பது வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காரணங்கள் அனைத்தும் ஒவ்வொன்றாக என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தன: கட்டி, அழுத்தம், வீங்கிய தமனி. சவரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பழைய ஆப்தல்மாஸ்கோப்பை வைத்து என் கண்ணை நானே பார்க்க முயன்றேன். இமைமயிர்தான் தெரிந்தது. ஐம்பது வருஷம் கழித்து அதே இமைமயிர், நரைத்துப்போய்.

மருத்துவர் என் பேத்தி வயதுப் பெண். சர்க்கரை எத்தனை வருஷம் என்று கேட்டாள். டார்ச்சை ஊஞ்சலாட்டினாள். பாப்பா விரிய விடும் சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியைக் காட்டி, இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பா என்று கேட்டாள். நான் அந்த மூடியைப் பார்த்தேன். என் அரக்கு ஊசிக்கு மறுபிறவி உண்டென்று தெரிந்தது. முடித்துவிட்டு, "மத்தபடி எல்லாம் சரியா இருக்கு சார். சர்க்கரையால வந்தது. மூணு மாசத்துல தானாச் சரியாயிடும். இப்போதைக்கு ஸ்கேன்கூடத் தேவையில்லை" என்றாள். இதே வாக்கியத்தை, இதே நிதானத்தோடு, நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடலாமே, அம்மா."

அவள் சிரிக்கவில்லை, நல்ல பெண். எழுதிக் கொடுத்தாள். நாற்பத்தைந்து வருஷமாகக் கழலாத மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றி மனைவியின் கைக்குட்டையில் கொடுத்துவிட்டு, தவில் கச்சேரிக்குள் போய்ப் படுத்தேன். படத்தில் கட்டியோ வீங்கிய தமனியோ எதுவும் இல்லை. வயதுக்கேற்ற மூளை என்று எழுதியிருந்தது. எந்த வயதுக்கு என்று நான் கேட்கவில்லை.

மறுமுறை போனபோது, போனில் ஒரு லென்சைப் பொருத்தி என் கண்ணுக்குள் படம் எடுத்தாள். "பார்க்கிறீங்களா சார்?" என்றாள். ஆயிரமாயிரம் பேருடைய நரம்பு வட்டங்களைக் கண்ணுக்குக் கண் வைத்துப் பார்த்த எனக்கு, என்னுடையதை அதுவரை பார்க்கக் கிடைக்கவில்லை. ஆப்தல்மாஸ்கோப் என்ற அந்தப் பித்தளைக் குழல் பிறரை மட்டுமே காட்டும். மேசைக்கு அப்பாலிருந்து அவள் போனைத் திருப்பிப் பிடித்தபோது, ஆறாம் நரம்பின் புண்ணியத்தில், எனக்கு இரண்டு போன்கள், இரண்டு மருத்துவர்கள். "இரண்டாத் தெரியுது" என்றேன். எழுந்து, நாற்காலியைச் சுற்றி வந்து, என் தோளருகே குனிந்து, போனை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். இந்தக் கோளாறின் குணம் அது. தூரத்தில் இருப்பதுதான் இரண்டாகும். போன் நெருங்க நெருங்க, இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே இளஞ்சிவப்பு நிலாவாக நின்றன. அவள் மூச்சில் அவசரமாகக் குடித்த காப்பி மணத்தது. வெளியே நீளமான க்யூ, காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.